முதலில் ஒன்றை ஓட்டிப் பார்ப்பவர்

பிலோமினா அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாஸ்கர் போன் செய்தார். கடைசி வருஷங்களில் அம்மா அவர் கடையில்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தார். காலையில் மூச்சுத் திணறியதாம். அரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்களாம். எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம், பாலத்தில் வண்டி நகரவில்லையாம். தினமும் ஸ்கூட்டியில் போகவும் வரவும் தாண்டிய பாலத்தின் மேலேயே உயிர் போய்விட்டது என்று பாஸ்கர் சொன்னார். கருவாட்டை விற்கிறவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சாவு வீட்டில் நம் பழைய ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். அம்மாவோடு அங்கே வேலை பார்த்த செல்வகுமார் காரில் வந்தார். கம்பெனி பெயர் எழுதிய பெரிய மலர் வளையம். அம்மாவின் காலடியில் அதை வைத்துவிட்டு, பந்தலில் இருந்தவர்களிடம் தணிந்த குரலில் பேசினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கண் மங்கினாலும் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"தப்புன்னு ஒன்னு நடந்துபோச்சு. யாருக்குதான் நடக்காது? அதுக்காக மேடம நாங்க மறக்க முடியுமா? பெரிய மனுஷி அவங்க."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பெட்டிக்குள் கிடந்தவர் ஏதோ தப்புச் செய்தவர் என்றும், அதை இவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றும் ஆகிவிட்டது. அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் முன்பே அந்தச் சொல்லும் கூடவே ஏறிக்கொண்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம், கோவிந்தண்ணனும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று அதே ஆபீஸில் இருந்த வனஜா போன் செய்தாள். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நான் சொல்கிறேன், அம்மாவின் தம்பி மனைவி ரீத்தா எழுதுகிறாள். ரெண்டு வார்த்தையில் இது அடங்காது. அந்த ஆபீஸில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும்தான் சொல்கிறேன். எல்லோரும் படித்தவர்கள், படித்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று தெரியாத புது ஆட்களுக்காக ஒரு வார்த்தை. மிஷன் வீதிப் பக்கம் மாடியில் இருந்த அந்த ஆபீஸைக் காலையில் திறந்து, கூட்டி, டீ வாங்கி வந்து, சாயங்காலம் பூட்டியவன் நான். அதற்கு முன் மேரி என்று நாங்கள் சொல்லும் முனிசிபாலிட்டியில் வீடுகளுக்கு நம்பர் எழுதுகிற வேலை. எழுத்துத் தெரியாதவன் எப்படி எழுதினான் என்று கேட்பீர்கள். தகரத்தில் எழுத்தையும் எண்ணையும் வெட்டி வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டைச் சுவரில் வைத்து மேலே பிரஷ்ஷால் பெயின்ட் இழுத்தால் எழுத்து விழும். வீதி பெயர் ஒரு தகடு. அது மாறாது. நம்பர் தகட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். கூட வரும் மேஸ்திரி எண்ணை எடுத்துத் தருவார், நான் இழுப்பேன். இந்த ஊரில் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் என் கையெழுத்து இருந்தது. அதில் ஒன்றையும் என்னால் படிக்க முடியாது.

ஆபீஸில் நீங்கள் செய்த வேலை என்னவென்று முதலில் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் கழுத்தைக் குனிந்துகொண்டு தட்டுகிறார்கள், சாயங்காலம் பிடரியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். பிலோமினா அம்மாவிடம்தான் கேட்டேன். அவர் சொன்னது இது. பிரான்சில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள். ஒவ்வொரு திரையிலும் பெட்டி பெட்டியாக இருக்கும். பெயருக்கு ஒரு பெட்டி, பிறந்த தேதிக்கு ஒரு பெட்டி, விலாசத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்: இதன் பெயர் இது, இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது, காலியாக விட்டால் நிறுத்து, இன்னது சொல்லித் திட்டு. எல்லாப் பெட்டிக்கும் இதே வரிகள்தான். பெயர் மட்டும் மாறும். பிள்ளைகள் ஒரு பெட்டியின் வரிகளை எடுத்து ஒட்டி, பெயரை மாற்றி, மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சில நாள் மாற்ற மறந்துவிடுவார்கள். அப்புறம் விலாசம் கேட்கிற பெட்டி வயசைக் கேட்கும். "அரியாங்குப்பம்னு போட்டா, உனக்கு வயசு பத்தாதுன்னு சொல்லுது அண்ணே" என்று அம்மா சிரித்தார்.

ஒரு நாள் டீ கொண்டுபோனபோது அவர் திரையில் மட்டும் வரிகள் தாமாக விழுந்துகொண்டிருந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தட்டுகிற அதே எடிட்டர்தானாம். அதற்குள்ளேயே ஒரு சின்ன எழுத்து எழுதி வைத்தாராம். ஒரு பக்கம் பெட்டிகளின் பெயர்கள் வரிசையாக. இன்னொரு பக்கம் மாதிரி வரிகள், பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு. ஒரு பட்டனைத் தட்டினால் அது வரிசையில் ஒவ்வொரு பெயராக எடுத்து, காலி இடத்தில் வைத்து, ஒரு பெட்டியின் வரிகளை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. எட்டுப் பேர் நாள் முழுக்கத் தட்டுவது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இது தகடுதானேம்மா" என்றேன். என் பழைய வேலையைச் சொன்னேன். வீதி பெயர் மாறாது, நம்பர் மாறும்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஆமாண்ணே. தகடேதான்."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் தகடு. நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். "மேடம் நமக்கெல்லாம் தகடு வெச்சுட்டாங்கடா, இனிமே கை கால் வெளங்காது" என்று கேலி செய்தது செல்வகுமார்தான்.

அம்மாவைத் தேவதை என்று மலரில் எழுதிவிடாதீர்கள். அவர் கோபக்காரர். டீயில் சர்க்கரை கூடினால் தம்ளரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஏசியைக் குறைக்கச் சொல்லி யாரோடும் சண்டைக்கு நிற்பார். யாருடைய பிறந்தநாள் கேக்கையும் தொடமாட்டார், கிரீம் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஒருவருடைய வேலையில் தப்பு இருந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். அதனால் உங்களில் பலருக்கு அவர்மேல் பிரியம் கிடையாது. ஆனால் அவர் போட்ட தகட்டின் மேல் எல்லோருக்கும் பிரியம் இருந்தது.

அந்தப் பிரியத்துக்குக் காரணம் உண்டு. டைரக்டர் சார் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் அதை எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். சாயங்காலம் யார் பெயரில் எத்தனை திரை என்று பார்ப்பார். குறைந்தவர்கள் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். வனஜா அப்போது பிரசவம் ஆகி வேலைக்குத் திரும்பியிருந்தாள். பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பாள். குழந்தை அவள் மாமியாரிடம் முத்தியால்பேட்டையில் கத்திக்கொண்டிருக்கும். பிலோமினா அம்மா ஒரு நாள் அவளை எழுப்பி, "கிளம்பு" என்றார். கணக்கு இருக்கிறதே என்றாள். "உன் பேர்ல எல்லாம் இருக்கும், நீ போய்ப் புள்ளைக்குப் பால் குடு" என்றார்.

அன்றைக்குத்தான் தகட்டுக்குள் இன்னொன்றையும் சேர்த்தார். ஃபைலின் தலையில் போடும் பெயரையும் அதுவே மாற்றி மாற்றிப் போட்டது. கொஞ்சம் வனஜா பெயரில், கொஞ்சம் செல்வகுமார் பெயரில், இப்படி எட்டுப் பேருக்கும் பங்கு. டைரக்டர் சார் கணக்குப் பார்த்தால் எல்லோரும் முடித்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வீட்டுக்குப் போனீர்கள். செல்வகுமார் கடற்கரையில் கிரிக்கெட் ஆடப் போனார். பிலோமினா அம்மா மட்டும் உட்கார்ந்து, விழுந்த வரிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்குப் பதில் ஒரு யந்திரம் தட்டியது என்று நினைத்தீர்கள். உங்கள் எட்டுப் பேருக்கும் பதில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்து முடிக்கும் வரை நான் பூட்டுச் சாவியோடு படியில் காத்திருப்பேன்.

அவரிடம் ஒரு பழக்கம். தகட்டில் எள்ளளவு எதை மாற்றினாலும் முழுசாக ஓட்டமாட்டார். ஒரே ஒரு திரைக்கு ஓட்டுவார். அதைத் திறந்து, பெயர் போட்டுப் பார்ப்பார், காலியாக விட்டுப் பார்ப்பார், வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்ப்பார். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "நீ பாரு, என் கண்ணு என் தப்பைப் பாக்காது" என்பார். அவரும் பார்த்த பிறகுதான் மீதி. செல்வகுமாருக்கு இது பொறுக்காது. நேரம் போகிறது என்பார்.

"கையில தட்டினா ஒரு தப்பு ஒரு எடத்துல நிக்கும் செல்வம். தகட்டுல இருந்தா நானூறு எடத்துக்கும் போயிடும். ஒன்ன ஓட்டிப் பாரு, அப்புறம் நூறு ஓட்டு."

நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். தலைகீழாகப் பிடித்த தகட்டால் ஒரு வீதி முழுக்க எழுதிவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியவன் நான்.

அந்தத் தகட்டால் எனக்கும் ஒரு நன்மை நடந்தது. என் சின்ன மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தோம். உறைமேல் விலாசம் எழுத ஆள் இல்லை. என் சொந்தக்காரர், மேரியில் கூட வேலை பார்த்தவர்கள், கோவில் ஆட்கள் எல்லோருடைய வீட்டையும் நான் மனசில் வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார். நம்பர், வீதி, பெயர், அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பது வரை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் உண்டு, அவருக்கு முசியே என்று போடாவிட்டால் கல்யாணத்துக்கே வரமாட்டார். அதையும் சொன்னேன். அம்மா தகட்டை ஓட்டினார். ஒட்டும் காகிதத்தில் எல்லா விலாசமும் வரிசையாக வந்தன. நான் சொன்ன வரிசையில் இல்லை. வீதி வீதியாக, நான் நடக்க வேண்டிய வரிசையில். "ஒரே வீதிக்கு ரெண்டு தடவ அலையாதீங்க" என்றார். அதற்கும் முதலில் ஒன்றைத்தான் அடித்து, என்னிடம் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். படிக்கத் தெரியாத என்னிடம். நான் சரி என்று சொன்ன பிறகு மீதி.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அது குருத்து ஞாயிறு. அம்மா குருத்தோலை பிடித்துக்கொண்டு கோவிலில் இருந்தார். செல்வகுமார் போன் செய்து ஆபீஸைத் திறக்கச் சொன்னார். பிரான்சுக்காரர்களுக்குத் திங்கட்கிழமை காட்ட வேண்டுமாம், புதுசாகச் சில பெட்டிகள் சேர்க்க வேண்டுமாம். திறந்தேன். கீழே போய் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தால், அவர் தன் இடத்தில் இல்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தகட்டில் என்னவோ தட்டினார். ஒன்றை ஓட்டிப் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட அங்கே என்னைத் தவிர ஆளும் இல்லை. பட்டனைத் தட்டினார். திரையில் மழை பிடித்துக்கொண்டது.

"மேடம் வந்தப்புறம் ஓட்டலாமே சார்" என்றேன்.

"டீய வெச்சுட்டுப் போ பெருசு. உனக்கு இன்னா தெரியும்" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காட்டியதோடு அந்த வேலை அப்படியே பிரான்சுக்குப் போய்விட்டது. மாம்பழக் காலம் முடிந்த பிறகு அங்கிருந்து வசைப்பாட்டு வந்தது. பிறந்த தேதி போடாத பாரத்தையெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறது. விலாசம் இல்லாதவனுக்கும் இன்சூரன்ஸ் ஆகியிருக்கிறது. காலியாக விட்டால் நிறுத்து என்று ஒரு வரி இருக்க வேண்டும் இல்லையா, அது எந்தத் திரையிலும் வேலை செய்யவில்லை. ஒரு திரை இரண்டு திரை அல்ல, எல்லாத் திரையிலும்.

டைரக்டர் சார் எல்லோரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். டீ கொடுக்க நானும் உள்ளே இருந்தேன். ஃபைல்களின் தலையில் உங்கள் எட்டுப் பேர் பெயரும்தானே இருந்தது? அவர் ஒவ்வொருவர் பெயராகப் படித்து, இது நீ எழுதியதா என்று கேட்டார். முதலில் செல்வகுமார்தான் வாயைத் திறந்தார்.

"நாங்க தட்டல சார். பேரு மட்டும்தான் எங்களுது. மேடத்தோட மேக்ரோதான் எல்லாம் எழுதுச்சு."

மேக்ரோ என்றால் தகடுதான். டைரக்டர் சாருக்கு அதுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்தவரைப் பார்த்தார். ஆமாம் சார். அடுத்தவர். ஆமாம் சார். வரிசையாகத் தகடு ஓட்டின மாதிரியே ஒரே பதில், பெயர் மட்டும் மாறியது. கடைசியில் வனஜா. அவள் பிலோமினா அம்மாவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். உங்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக அவர் போட்ட பெயர், அவரை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பயன்பட்டது.

இங்கே ரீத்தா எழுதுவதை நிறுத்தினாள். "ஐயா, வனஜாதானே இந்த மலரப் போடுறாங்க. இத எழுதட்டுமா?" என்று கேட்டாள். எழுதும்மா என்றேன். அவள் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை இன்று காலாப்பட்டில் காலேஜ் படிக்கிறது. அது நன்றாக இருக்கட்டும். நடந்தது நடந்ததாக இருக்கட்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "சார், குருத்து ஞாயித்துக்கெழம அம்மா இங்க இல்ல. செல்வகுமார் சார்தான் அவங்க சீட்ல ஒக்காந்து மாத்தி ஓட்டினாரு. நான் பாத்தேன்."

டைரக்டர் சார் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.

"திரையில இன்னா இருந்துச்சு கோவிந்தன்?"

"எழுத்து இருந்துச்சு சார்."

"இன்னா எழுத்து?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்தது யார் உட்கார்ந்திருந்தார், என்றைக்கு, என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பது. திரையில் என்ன எழுதியிருந்தது என்பது தெரியாது. செல்வகுமார் சிரித்தார். பெருசுக்கு அ-னா கூடத் தெரியாது சார், நான் அன்றைக்கு மெயில் பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்தேன் என்றார். உங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒருவரும் பேசவும் இல்லை.

பிலோமினா அம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, செல்வகுமாரைப் பார்த்து, திட்டாமல், ஏசி சண்டையில் வருகிற குரல்கூட இல்லாமல் ஒன்று சொன்னார்.

"ஒன்ன ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் செல்வம்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவர் நாற்காலியில் செல்வகுமார் உட்கார்ந்தார். அம்மாவின் பெயரைத்தான் எடுத்தார்கள், தகட்டை எடுக்கவில்லை. நான் வேலையை விட்டு நிற்கும் வரை அந்த ஆபீஸில் அதே தகடுதான் ஓடியது. காலியாக விட்டால் நிறுத்து என்பதைத் திரும்ப வைத்துவிட்டு ஓட்டினார்கள். தலையில் மட்டும் செல்வகுமார் பெயர் விழுந்தது. பிரான்சிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்து அவர் கையைக் குலுக்கியபோது நான் அவர்களுக்கு இளநீர் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊர் சின்ன ஊர். ஒரு ஆபீஸில் நடந்தது இன்னொரு ஆபீஸுக்கு அன்றைக்கே போய்விடும். எங்கே வேலை கேட்டாலும், நானூறு திரையைக் கெடுத்தவங்கதானே என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டுவிட்டு, விசாரித்த பிறகு வேண்டாம் என்றது. கடைசியில் பாஸ்கர் கடை. வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், சொல்தாக்கள் வருஷா வருஷம் பிரான்சுக்கு அனுப்புகிற, நான் உயிரோடு இருக்கிறேன் என்கிற சான்று. அங்கேயும் பழைய கம்ப்யூட்டரில் தகடு போட்டு வைத்திருந்தார். கிழவர்கள் வந்து பெயரைச் சொன்னால் போதும். மெர்சி மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். கிழவர்களுக்கு உயிர் இருக்கிறது என்று அடித்துக்கொடுத்தவர் அவர்களுக்கு முன்னால் போய்விட்டார்.

அந்தக் கடையில் வைத்துத்தான் ஒரு நாள் கேட்டேன், செல்வகுமார் அன்றைக்கு என்னதான் செய்தார் என்று. அவர் தட்டிக்கொண்டே சொன்னார். காட்டுவதற்கு எல்லாப் பெட்டியையும் நிரப்பிக்கொண்டிருந்தால் நேரம் ஆகும் என்று, காலியாக விட்டாலும் மேலே போ என்று மாற்றியிருப்பான், காட்டிவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்று நினைத்திருப்பான், அதோடு எல்லாவற்றுக்கும் ஓட்டிவிட்டான். "அப்புறம் மறந்துட்டான். அவ்ளோதான். கெட்ட எண்ணம் கெடையாது, சோம்பேறித்தனம்."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த ரூம்ப விட்டு வந்த மறுநாளே தெரியும். பழைய தகடு எங்க வூட்ல இருந்துச்சு, ஆபீஸ்ல இருந்ததயும் காப்பி எடுத்து வந்திருந்தேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சா எது மாறியிருக்குன்னு காட்டிடும்."

அதைக் கொண்டுபோய் டைரக்டர் சாரிடம் காட்ட வேண்டியதுதானே என்று கத்தினேன். கடையில் நின்ற சொல்தா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அத்தன பேரு ஒன்னு சொன்னாங்க, நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொன்னீங்க. ஒங்களப் பாத்து செல்வம் சிரிச்சான். அந்த ரூம்புக்குள்ள நான் திரும்பப் போவணுமா அண்ணே?" என்றார்.

அம்மா, எனக்கு உங்கள்மேலும் கோபம்தான். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும் என்பார்கள், நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒரு முறை அந்தப் படியேறிப் போய்க் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். உங்கள் வீம்பு உங்களை அந்த ஜெராக்ஸ் கடையின் சூட்டில் உட்கார வைத்தது. தூசி நெஞ்சில் ஏறியது. நீங்கள் பேசாமல் இருந்ததைத்தான் இவர்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பந்தலிலேயே மன்னித்தார்கள்.

ரீத்தாவிடம் அம்மா வீட்டில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கேட்டேன். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் அது நனைந்துபோய், பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார்களாம். ஆகவே காட்டுவதற்கு இப்போது ஒன்றும் இல்லை. என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு அது போதவில்லை. இன்றைக்கும் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் வாயால் சொன்னேன், இன்றைக்கு எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதற்குத்தானே நீங்கள் மரியாதை கொடுப்பீர்கள். செல்வகுமாருக்கும் இப்போது நரை வந்துவிட்டது. அவர் மறுத்தால், இதற்குக் கீழேயே தன் பெயரைப் போட்டு மறுக்கட்டும். வனஜாவும் அந்த அறையில் இருந்த மற்றவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும்.

மலரில் அம்மாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். கெட்டிக்காரர் என்று எழுதுங்கள், கோபக்காரர் என்று எழுதுங்கள். ஒரு தப்பு நடந்துபோச்சு என்ற வரி மட்டும் அதில் வரக்கூடாது. அந்தத் தப்பு அவருடையது அல்ல.

அம்மாவிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று கடைசியில் சொல்ல வேண்டுமாம், வனஜா சொல்லியிருக்கிறாள். கல்யாண விலாசம் அடித்த காகிதத்தில் மீந்த ஒரு துண்டு பெட்டியில் கிடக்கிறது, பசை காய்ந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை. அவருடைய பழக்கம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை இந்த மலருக்கே செய்யச் சொல்கிறேன்.

எல்லாப் பிரதியையும் ஒரேயடியாக அடித்துவிடாதீர்கள். முதலில் ஒன்றே ஒன்றை அடியுங்கள். அதை ரீத்தாவிடம் கொடுங்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்துக் காட்டுவாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை குறைந்தாலும் எனக்குத் தெரியும். சரி என்று நான் சொன்ன பிறகு மீதியை அடியுங்கள்.